ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? வெளியிலிருந்து பூட் செய்து, டேட்டாவை எடுத்து, புது டிரைவ் மாட்டுவது வரை

லேப்டாப்பை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்து நிற்கிறது. அல்லது விண்டோஸ் லோகோ வந்து, வட்டம் அரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தில் பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று: திரும்பத் திரும்ப ஆஃப் செய்து ஆன் செய்வது, இல்லையென்றால் அப்படியே கடைக்குக் கொண்டுபோய் 'ஃபார்மட் போட்டுக் கொடுங்க' என்பது. சாகக் கிடக்கும் டிரைவில் மிச்சமிருக்கிற உயிரை முதலாவது வாங்கிவிடும். இரண்டாவதில் டேட்டாவே போய்விடும்.

டிரைவ் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாலு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், அவ்வளவுதான். வேலை கெடுவது வரிசை தவறும்போதுதான். முதலில் வெளியிலிருந்து பூட் (பென் டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்புவது), அடுத்து டேட்டா, அப்புறம் டிரைவ் வாங்குவது, கடைசியில்தான் ஸ்க்ரூ டிரைவர். ஒரே ஒரு பூட் பென் டிரைவ் கையில் இருந்தால் நோயைக் கண்டுபிடிக்கவும், டேட்டாவை மீட்கவும், புது டிரைவைச் சோதிக்கவும் அதுவே போதும்.

டிரைவ்தானா, வேறு ஏதாவதா?

பூட் ஆகவில்லை என்றதும் டிரைவ் மேல் பழி போட வேண்டாம். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுமுன் வரும், மெஷினின் அடிப்படை செட்டிங் திரை) போய், டிரைவின் மாடல் பெயர் பட்டியலில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

பெயர் தெரிகிறது, ஆனால் பூட் ஆகவில்லை என்றால் தேதியைக் கவனியுங்கள். ஏதோ பழைய வருஷம் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதனால் பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும். சாட்டா மோடு, அதாவது மதர்போர்டு டிரைவோடு பேசும் முறை, ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கோ மாறியிருந்தால் நல்ல டிரைவிலும் விண்டோஸ் நீலத் திரை காட்டி விழும். பூட் மோடு புது முறையான யுஇஎஃப்ஐ-யிலிருந்து பழைய முறையான லெகசிக்கு மாறியிருந்தாலும் அதே கதைதான். பேட்டரியை மாற்றி, செட்டிங்கைப் பழையபடி வைத்தால் முடிந்தது.

பெயரே தெரியவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில், முடிந்தால் வேறு கேபிளில் மாட்டிப் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று பட்டு கனெக்டரின் உலோகம் பச்சை பூத்திருக்கும். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் உப்பு இல்லை, ஆனால் இரண்டு பருவமழையின் ஈரமும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்க வைக்கும். 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். கடையில் புது டிரைவ் போட்டு வந்தும் ஆறு மாதத்தில் அதே கோளாறு திரும்ப வருகிறதென்றால் சந்தேகம் கனெக்டர் மேல்தான் விழ வேண்டும்.

டிரைவ் சுற்றும் சத்தம் கேட்டு, கூடவே சீராக 'டக், டக்' என்று அடித்தால் ஹெட் (தகட்டைப் படிக்கும் முனை) போயிருக்கிறது. உடனே ஆஃப் செய்துவிடுங்கள். ஒவ்வொரு தட்டலும் தகட்டில் கீறல் போடக்கூடியது. அந்த டிரைவுக்கு இந்த வழிகாட்டியின் டேட்டா மீட்புப் பகுதி பொருந்தாது. மெக்கானிக்கல் கோளாறைச் சரிசெய்ய தூசி இல்லாத சுத்த அறை வேண்டும். அதற்கென்று இருக்கும் டேட்டா ரிக்கவரி நிறுவனங்களிடம்தான் போக வேண்டும். சாதாரண சர்வீஸ் கடையில் மூடியைத் திறக்க விடாதீர்கள்.

ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் குளிர்ந்த டிரைவை வெளியே எடுத்த மறுநிமிடமே உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும்.

பூட் பென் டிரைவ் தயார் செய்வது

வேண்டியது 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவ். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் கல்யாண ஆல்பம் இருக்கும் பென் டிரைவை எடுக்காதீர்கள்.

மீட்பு வேலைக்கு லினக்ஸ் மின்ட் என்ற, விண்டோஸ் மாதிரியான இலவச இயங்குதளம் போதும். டிரைவில் ஒன்றும் எழுதாமல் நேரடியாகப் பென் டிரைவிலிருந்தே ஓடும். இன்னும் ஆழமான கருவிகள் வேண்டுமென்றால் சிஸ்டம் ரெஸ்க்யூ. அதில் டிடிரெஸ்க்யூ (கெட்ட டிரைவை நகலெடுப்பது), டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் (தொலைந்த பார்ட்டிஷனையும் கோப்பையும் மீட்பவை), ஜிபார்ட்டெட் (பார்ட்டிஷன் பிரிப்பது) எல்லாம் உள்ளேயே இருக்கும். பக்கத்து வீட்டிலோ அலுவலகத்திலோ நல்ல விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் ரூஃபஸ் மென்பொருளில் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் ஒரே கோப்பாக இருப்பது) தேர்ந்தெடுத்து எழுதலாம். அங்கே கவனிக்க வேண்டியது ஒரே செட்டிங்: 2012-க்குப் பிறகு வந்த மெஷினுக்குப் பெரும்பாலும் ஜிபிடி, யுஇஎஃப்ஐ; அதற்கு முந்தைய மெஷினுக்கு எம்பிஆர், பயாஸ். பல ஐஎஸ்ஓ ஒரே பென் டிரைவில் வேண்டுமென்றால் வென்டாய் நல்லது. ஒருமுறை நிறுவினால் போதும், அதற்குப் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா காப்பி செய்து போட்டால் மெனுவில் வரும். ஆனால் செக்யூர் பூட் (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் ஏறவிடும் பாதுகாப்பு) உள்ள மெஷினில் முதல் தடவை ஒரு நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும். அதைச் செய்தால்தான் உள்ளே விடும்.

வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் இதுதான் என்றால்? ஆண்ட்ராய்டு போனில் எட்ச்டிராய்டு என்ற ஆப் இருக்கிறது. ஓடிஜி கேபிளில் பென் டிரைவை மாட்டி லினக்ஸ் ஐஎஸ்ஓவை எழுதிவிடலாம். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு அது உதவாது.

பூட் மெனுவைப் பிடிப்பது

பவர் பட்டனைத் தட்டிய உடனே, லோகோ வருவதற்கு முன்பே, இந்தக் கீயை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்:

டெல், லெனோவோ: எஃப்12
ஹெச்பி: எஸ்கேப், மெனு வந்ததும் எஃப்9
ஏஸர்: எஃப்12 (முதலில் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்திருக்க வேண்டும்)
ஏசுஸ் லேப்டாப்: எஸ்கேப், ஏசுஸ் டெஸ்க்டாப் போர்டு: எஃப்8
ஜிகாபைட்: எஃப்12, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்: எஃப்11

சில லெனோவோ மாடல்களில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். அதுதான் நோவோ பட்டன். மெஷின் ஆஃபாக இருக்கும்போது பேப்பர் கிளிப்பால் அழுத்தினால் நேராக மெனு வரும். கீ தட்டியும் பிடிக்கவில்லையென்றால் எஃப்என் கீயோடு சேர்த்துத் தட்டிப் பாருங்கள்.

மெனுவில் உங்கள் பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும். புது மெஷினில் அதையே தேர்ந்தெடுங்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கெட்ட ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருந்தால் பயாஸ் அதை அடையாளம் காண முயன்று ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூட அப்படியே நிற்கும். லினக்ஸும் ஏறும்போது அதைப் படிக்கப் போய்த் திணறும். மெஷின் ஹேங் ஆகிவிட்டதென்று நினைத்து ஆஃப் செய்யாமல் கொஞ்சம் பொறுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் கெட்ட டிரைவைக் கழற்றிவிட்டு பூட் செய்து, லினக்ஸ் ஏறிய பிறகு சாட்டா-யுஎஸ்பி அடாப்டர் வழியாக வெளியிலிருந்து மாட்டுங்கள். 2.5 இன்ச் டிரைவுக்கு யுஎஸ்பி கரண்டே போதும். 3.5 இன்ச் டெஸ்க்டாப் டிரைவுக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வரும் மாடலை வாங்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிரைவையே பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றினால் அடுத்த தடவை 48 இலக்க பிட்லாக்கர் ரிக்கவரி கீ கேட்கும். அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். செட்டிங்கைத் தொடுவதற்கு முன்பே போனில் அந்தக் கணக்கைத் திறந்து, கீயைப் பேப்பரில் எழுதி வையுங்கள். லினக்ஸ் மின்ட் அப்படிப் பூட்டிய டிரைவைத் திறக்கவும் அதே கீயைத்தான் கேட்கும். மின்ட் செக்யூர் பூட் ஆனில் இருந்தாலே ஏறும் என்பதால் பெரும்பாலும் அதைத் தொட வேண்டிய தேவையே வராது.

டேட்டாவை எடுப்பது

மின்ட் ஏறியதும் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, இடப்பக்கம் பழைய டிரைவைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ஸ்மார்ட் விவரத்தை (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) பாருங்கள். மூன்று எண்கள்தான் முக்கியம். 5-ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டேட்டா எழுதும் சின்னக் கட்டங்கள்), 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், 198 சரிசெய்யவே முடியாதவை. இதில் 197 பூஜ்யத்துக்கு மேல் இருந்து ஏறிக்கொண்டே போனால் டிரைவ் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 199 மட்டும் ஏறியிருந்தால் டிரைவ் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, கேபிள்தான் கெட்டது. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவும் இதே எண்களைக் காட்டும். ஆனால் அங்கே எண்கள் பதினாறடிமான முறையில் வருவதால் 05, சி5, சி6, சி7 என்று தேட வேண்டும்.

எண்கள் சுமாராக இருந்து ஃபோல்டர்கள் திறக்கின்றன என்றால், எடுத்துவைக்க ஒரு வெளி டிரைவை மாட்டுங்கள். அது எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு போகாது, கல்யாண வீடியோ பாதியில் நிற்கும். விண்டோஸ் பார்ட்டிஷனை 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறந்திருப்பதாக மின்ட் சொன்னால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பாதித் தூக்கத்தில் விட்டுப்போன அடையாளம் அது. நமக்குப் படித்தால் போதும்.

முதலில் எடுக்க வேண்டியது சின்னதும் முக்கியமானதும்: டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், ஸ்கேன் செய்த பத்திரங்கள். அடுத்து போட்டோ. வீடியோ கடைசி. ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பிடிவாதமாக அதையே திரும்பத் திரும்பக் கேட்டால் டிரைவ் அங்கேயே முடிந்துவிடும்.

யூஸர்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பிறகு தலையில் கை வைக்கும் இடங்கள் சில உண்டு. டேலி டேட்டா ஃபோல்டர் வேறு இடத்தில் இருக்கும். அவுட்லுக் பயன்படுத்துபவருக்கு மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பு. பிரவுசர் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கும். கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்துத் தட்டினால் மின்ட் மறைந்தவற்றைக் காட்டும். பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடை என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்தே ஆக வேண்டும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த பழைய பேஜ்மேக்கர் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பத்து வருஷக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் கையில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

செக்டர்கள் நிறையக் கெட்டிருந்தால் கோப்பு கோப்பாகக் காப்பி செய்வது சரிவராது. அப்போது டிடிரெஸ்க்யூ. இது முழு டிரைவையும் ஒரே பிம்பமாக எடுக்கும். மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: எந்த டிரைவிலிருந்து, எந்தப் பிம்பக் கோப்புக்கு, எந்த மேப் கோப்பில் குறிப்பு வைப்பது. மேப் கோப்பை மறக்கவே கூடாது. நல்ல இடங்களை முதலில் வேகமாக வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துப் பிறகு திரும்பி வருவது அதை வைத்துத்தான். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெறும் டிரைவில் பழைய டிரைவின் முழு அளவுக்கும் மேல் இடம் இருக்க வேண்டும். 1 டிபி டிரைவில் 200 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் பிம்பம் 1 டிபி வரும். எது மூலம், எது பெறுவது என்பதை மாடல் பெயரைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்யுங்கள். மாற்றிக் கொடுத்தால் திரும்பி வராது. பிம்பம் எடுத்த பிறகு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் எதை ஓட்டினாலும் பிம்பத்தின் மேல்தான், பழைய டிரைவின் மேல் அல்ல.

நேரக் கணக்கு: 500 ஜிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். அதே டிரைவை யுஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டினால் நொடிக்கு 35 எம்பிதான் வரும், நாலு மணி நேரம் ஆகும். போர்ட் நீலமாக இருக்கிறதா, எஸ்எஸ் என்று குறி இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். கெட்ட செக்டர் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும், ஒரு ராத்திரி முழுதும்கூட ஆகலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் இடி கேட்கத் தொடங்கினால் வேலையை நிறுத்தி, பிளக்கோடு லேன் கேபிளையும் உருவிவிடுங்கள். மின்னல் கரண்ட் லைனில் மட்டும் வருவதில்லை.

செக்டிஸ்க், டிஃப்ராக் இரண்டும் கெட்ட டிரைவில் கூடாது. விண்டோஸில் மாட்டியதும் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எஸ்எஸ்டி (சுற்றும் தகடு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிரைவ்) செத்த கதை வேறு. அது பெரும்பாலும் சத்தமில்லாமல் ஒரே நாளில் காணாமல் போகும். சில மாடல்கள் எழுத முடியாமல் படிக்க மட்டும் விடும். அந்த நிலையில் கிடைத்தால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். அழித்த கோப்பை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது பெரும்பாலும் நடக்காது, டிரிம் கட்டளை அந்த இடத்தைத் துடைத்துவிடுகிறது.

எந்த டிரைவ் வாங்குவது

கடைக்குப் போகுமுன் லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், முடிந்தால் பழைய டிரைவையே கையில் எடுத்துப் போங்கள். 'ஒரு எஸ்எஸ்டி குடுங்க அண்ணே' என்று கேட்டால் நாலு வகையில் எது வரும் என்று சொல்ல முடியாது.

பழைய மெஷினில் 2.5 இன்ச் சாட்டா. அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவற்றில் பெரும்பாலும் இதுதான், இன்றும் நிறைய வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. சாட்டா எஸ்எஸ்டி போட்டால் அதற்கு மறுபிறவி. பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். ஆடாமல் இருக்க உடன் வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

புதியவற்றில் எம்.2. இங்கேதான் ஏமாற்றம். எம்.2 என்பது வடிவம் மட்டும்தான். அதற்குள் சாட்டா ஓடுவதும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ ஓடுவதும் உண்டு. இரண்டு பள்ளம் வெட்டியிருந்தால் அனேகமாக சாட்டா, ஒரே பள்ளம் என்றால் என்விஎம்இ. ஆனால் சில என்விஎம்இ-யும் இரண்டு பள்ளத்தோடு வருவதால் லேபிளைப் படித்தே உறுதி செய்ய வேண்டும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எம்.2 மாட்டினால் பொருந்தும், ஆனால் தெரியாது. நீளம் பெரும்பாலும் 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சில லெனோவோக்களில் 2242 வரும்.

வேகத்தை வைத்து ரொம்பக் குழம்ப வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை, பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3,500 வரை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவருக்கு முதல் தாவல்தான் தெரியும், இரண்டாவது பெரிதாகத் தெரியாது. ஆயுளுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 150 டிபி எழுதத் தாங்கும் என்று போட்டிருந்தால், தினம் 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 7 டிபி சொச்சம்தான் ஆகிறது. 256 ஜிபி குறைந்தபட்சம், போட்டோ வைத்திருப்பவருக்கு 512.

பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்கு ஆன்லைனில் வரும் 2 டிபி, 4 டிபி வெளி எஸ்எஸ்டிகளில் நிறையப் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து அளவை மட்டும் பொய்யாகக் காட்டும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 ஓட்டி முழுதும் எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு உடையும்.

சில மலிவு லேப்டாப்புகளில் இஎம்எம்சி சேமிப்பு போர்டிலேயே பற்றவைத்திருக்கும், மாற்ற முடியாது. அவற்றுக்கு வெளி டிரைவிலிருந்து பூட் செய்வதுதான் வழி. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் உள் சேமிப்பு முழுதாகச் செத்தால் வெளியிலிருந்தும் ஏறாது, சர்வீஸ்தான்.

மாட்டுவது

விண்டோஸ் ஏறுகிறதென்றால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். அடாப்டரை உருவி, கழற்றும் பேட்டரி என்றால் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். பனியனும் பாயும் உரசாத இடத்தில், மேசை மேல் வையுங்கள். தொடுமுன் ஏதாவது பெரிய உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

அடி மூடியின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு பேப்பரில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கக் கீபோர்டு தட்டு புடைக்கும். எல்லாம் கழன்றும் மூடி வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலோ டிவிடி டிரைவுக்குள்ளோ ஒன்று ஒளிந்திருக்கும். பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்துப் பையப் பைய ஓட்டுங்கள்.

திறந்ததும் முதல் வேலை, உள் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. பிளாஸ்டிக் தலையைப் பிடித்து எடுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. 2.5 இன்ச் டிரைவ் ஒரு தகரச் சட்டத்தில் நாலு ஸ்க்ரூவில் இருக்கும். அதைப் புது டிரைவுக்கு அப்படியே மாற்றுங்கள். தட்டையான ரிப்பன் கேபிள் என்றால் அதன் கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்திய பிறகே உருவ வேண்டும். இந்தத் தாழ்ப்பாள் உடைந்தால் டிரைவ் விலையை விட அதிகம் செலவாகும்.

எம்.2 என்றால் 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளி, மேலே தூக்கி நிற்கும் முனையை விரலால் அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போடுங்கள். அந்தக் குட்டி ஸ்க்ரூ காலி ஸ்லாட்டில் இல்லாமலும் இருக்கும், கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் எம்.2 மாட்டியதும் வேறு ஒரு ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் கலங்க வேண்டாம். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கு போடும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

எல்லா ஸ்க்ரூவையும் முடுக்குமுன் ஒரு தடவை ஆன் செய்து, பயாஸில் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

குளோனா, புது இன்ஸ்டாலா

பழைய டிரைவ் நன்றாகப் படிக்கிறது, வேகத்துக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் குளோன்ஸில்லா மென்பொருளில் குளோன் (அச்சு அசல் நகல்) செய்யலாம். புது டிரைவ் பழையதைவிடச் சின்னதென்றால் முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். குளோன் முடிந்ததும் பழைய டிரைவைக் கழற்றிவிட்டே முதல் பூட் செய்யுங்கள், இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். கெட்ட செக்டர் உள்ள டிரைவைக் குளோன் செய்து விண்டோஸைக் காப்பாற்ற நினைப்பது வீண் வேலை. கெட்டுப்போன சிஸ்டம் கோப்பும் சேர்ந்தே வரும். புதிதாகப் போடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வம். அதற்கு முந்தைய மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டு, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் வெளிநாட்டில் இருப்பவரோடு வீடியோ கால் பேசவும் தாராளம்.

இன்ஸ்டால் செய்யும்போது 'டிரைவே இல்லை' என்று வந்தால், இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்புகளில் காரணம் பெரும்பாலும் விஎம்டி என்ற இன்டெல்லின் சேமிப்பு நிர்வாக வசதி. பயாஸில் அதை ஆஃப் செய்யுங்கள், அல்லது தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுங்கள். டிரைவ் தெரிந்ததும் நீங்களாகப் பார்ட்டிஷன் பிரிக்க முயல வேண்டாம். ஒதுக்கப்படாத இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் விண்டோஸே பிரித்துக்கொள்ளும். வேறு டிரைவ்கள் மாட்டியிருந்தால் இன்ஸ்டால் முடியும் வரை கழற்றி வையுங்கள், இல்லையென்றால் பூட் கோப்பு தவறான டிரைவில் போய் உட்காரும்.

முதல் பூட்டில் வைஃபை டிரைவர் இல்லையென்றால் போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் ஆன் செய்யுங்கள். மெஷினுக்கு நெட் வந்துவிடும், மிச்ச டிரைவர்களை அதுவே எடுத்துக்கொள்ளும். லைசென்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது. அதே எடிஷனைப் போட்டால் நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

வெளி டிரைவிலேயே நிரந்தரமாக ஓட்டுவது

உள்ளே ஸ்லாட்டே கெட்டிருந்தால், அல்லது மெஷின் உங்களுடையது இல்லையென்றால் இதுவே நல்ல வழி. பென் டிரைவ் வேண்டாம். சின்னச் சின்னக் கோப்புகளை எழுதுவதில் அது திணறும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். யுஏஎஸ்பி (யுஎஸ்பியில் டேட்டாவை வேகமாக அனுப்பும் முறை) ஆதரவுள்ள யுஎஸ்பி 3 உறையில் எஸ்எஸ்டியைப் போடுங்கள். நொடிக்கு 400 எம்பி வரை கிடைக்கும், தினசரி வேலைக்கு ஒரு குறையும் தெரியாது. என்விஎம்இ உறை என்றால் அலுமினியம்தான். மே மாதத்தில் பிளாஸ்டிக் உறை சூடேறி வேகம் விழும். கேபிள் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், டெஸ்க்டாப்பில் பின்பக்கப் போர்ட்டில் மாட்டுங்கள்.

லினக்ஸ் போடும்போது உள் டிரைவைக் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. இல்லையென்றால் நிறுவி பூட் லோடரை (இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் சின்ன மென்பொருள்) உள் டிரைவின் இஎஃப்ஐ பகுதியில் போட்டுவிடும். பிறகு வெளி டிரைவை வேறு மெஷினில் மாட்டினால் ஏறாது, வெளி டிரைவைக் கழற்றினால் உள்ளிருப்பதும் தடுமாறும். விண்டோஸின் நிறுவி யுஎஸ்பி டிரைவில் போட மறுக்கும். ரூஃபஸில் 'விண்டோஸ் டு கோ' முறையைத் தேர்ந்தெடுத்தால் போடலாம், உள் டிரைவைத் தொடாமல் தடுக்கும் வசதியும் அதிலேயே உண்டு. மைக்ரோசாஃப்ட் இந்த வசதியை 2020-இல் கைவிட்டதால் வருடாந்திரப் பெரிய அப்டேட்டுகள் சிக்கல் செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் அசைந்தாலே சிஸ்டம் உறையும். மடியில் வைத்து வேலை செய்பவர் உறையை லேப்டாப் மூடியின் பின்னால் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவிடுவது உத்தமம்.

பழைய டிரைவ்

வாரன்டி இருந்தால் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஆனால் மாற்றிக் கொடுக்கும்போது உங்கள் டிரைவும் அதிலுள்ள டேட்டாவும் திரும்பி வராது. மீட்ட கோப்புகளில் பத்தையாவது திறந்து பார்த்து, வெளி டிரைவில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி ஆன பிறகே பழையதை விடுங்கள். ஆக்கர் (பழைய சாமான்) கடைக்குப் போடுவதாக இருந்தால், வேலை செய்யும் டிரைவை முழுதாக ஒருமுறை பூஜ்யத்தால் எழுதுங்கள். எழுத முடியாத ஹார்ட் டிஸ்க்கின் தகடுகளில் நாலு துளை போடுங்கள். எஸ்எஸ்டி என்றால் துளை உள்ளிருக்கும் கறுப்புச் சில்லுகள் ஒவ்வொன்றின் மேலும் விழ வேண்டும், ஓரத்துப் பச்சைப் பலகையில் போட்டால் பயனில்லை.